இன்று கடலில் இறங்கலாமா?

சிங்கப்பூரின் பொழுதுபோக்குக் கடற்கரைகளுக்குத் தேசியச் சுற்றுப்புற வாரியம் ஆண்டுதோறும் தரம் வழங்கி வருகிறது. ‘மிக நன்று’ தொடங்கி ‘மிக மோசம்’ வரை ஐந்து படிகள். செந்தோசா, ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா, சாங்கி, செம்பவாங், பாசிர் ரிஸ் எல்லாம் இந்தப் பட்டியலில் வருகின்றன. 2008ல் உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலை ஒட்டி இந்த முறை நடைமுறைக்கு வந்தபோது பாசிர் ரிஸுக்குக் கிடைத்தது நடுப்படியான ‘சுமார்’. அங்கே நீந்த வேண்டாம் என்ற அறிவுரையும் கூடவே வந்தது. பழைய கழிவுநீர்க் குழாய்களின் சிறு கசிவுகளும், சிறிய சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து வெளியேறிய நீருமே காரணம் என்றார்கள். அந்தத் தரமும் அறிவுரையும் நியாயமானவைதான். ஆனால் தரம் என்பது நீண்ட கால அளவீடுகளைக் கூட்டிக் கழித்து எடுத்த கணக்கு. கடலில் இறங்குகிறவர் அந்தக் கணக்கில் இறங்குவதில்லை. ஒரு குறிப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, அதற்கு முந்தைய இரவு பெய்த மழைக்குப் பிறகு இறங்குகிறார். எந்தக் கடற்கரையைச் சீர்படுத்த வேண்டும் என்று அதிகாரிகளுக்குச் சொல்ல ஆண்டுத் தரம் போதும். இன்று பிள்ளையைத் தண்ணீரில் விடலாமா என்று கேட்கும் தாய்க்கு அது பதில் ஆகாது. அந்தப் பதிலை அன்றன்று சொல்வதையும் நீர்க் கண்காணிப்பின் கடமையாகக் கொள்ள வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் எதை அளக்கிறார்கள் என்று பார்க்கலாம். நோய் தரும் கிருமிகள் நூறு வகை. ஒவ்வொன்றையும் தேடிக்கொண்டிருக்க எந்த ஆய்வகத்தாலும் முடியாது. அதனால் மனித, விலங்குக் குடலில் வாழும் என்ட்ரோகாக்கஸ் என்ற பாக்டீரியாவை எண்ணுகிறார்கள். அது இருந்தால் மலக்கழிவு கலந்திருக்கிறது என்று பொருள்; மலக்கழிவு கலந்திருந்தால் வயிற்றுப்போக்கைத் தரும் வைரஸ்களும் கூட வந்திருக்கக்கூடும். உப்புநீரில் ஈ.கோலி விரைவில் மடிந்துவிடும். என்ட்ரோகாக்கஸ் அதைவிட நெடுநேரம் தாக்குப்பிடிப்பதால் கடலுக்கு அதையே தேர்ந்தெடுத்தார்கள். மாதிரி எடுக்கும் வேலையில் பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. கிருமி நீக்கிய குப்பியோடு ஒருவர் முழங்கால் அளவோ இடுப்பளவோ தண்ணீரில் நடந்து போகிறார். குப்பியைக் கவிழ்த்துப் பிடித்து மேற்பரப்புக்குக் கீழே கொண்டுபோய், அங்கே நிமிர்த்தி நிரப்பி மூடுகிறார். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, சில மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்கிறார். அங்கே நீரை நுண்ணிய சவ்வு வழியாக வடிகட்டி, சவ்வை ஊட்டக்கூழ் பரப்பிய தட்டில் வைத்து, 41 டிகிரி வெப்பத்தில் ஒரு முழு நாள் விடுகிறார்கள். மறுநாள் தட்டைத் திறந்தால் நீல வளையம் சூழ்ந்த புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு என்ட்ரோகாக்கஸ் பெருகியதன் அடையாளம். அவற்றை எண்ணி, 100 மில்லிலிட்டருக்கு இத்தனை என்று எழுதுகிறார்கள். நூறு மாதிரிகள் எடுத்தால் தொண்ணூற்றைந்திலாவது அந்த எண் 200ஐத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்பது சிங்கப்பூர் ஏற்றுக்கொண்ட வரம்பு.

இந்த 200 எங்கிருந்து வந்தது? கடல்நீரால் நோய் வரும் என்பதையே ஒருகாலத்தில் அறிவியல் உலகம் நம்பவில்லை. கண்ணுக்கும் மூக்குக்கும் அருவருப்பாகத் தெரிகிற அளவுக்குக் கடற்கரை கெட்டிருந்தாலொழிய குளிப்பவருக்குப் பெரிய ஆபத்தில்லை என்று 1959ல் பிரிட்டனின் பொதுச் சுகாதார ஆய்வகக் குழு ஒன்று முடிவு சொன்னது. பல நாடுகள் பல ஆண்டுகளுக்கு அதைப் பிடித்துக்கொண்டிருந்தன. அதே பிரிட்டனில்தான் 1989க்கும் 1992க்கும் இடையே நான்கு கடற்கரைகளில் வேறு மாதிரியான சோதனை நடந்தது. முன்வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரைக் குறைந்தது பத்து நிமிடம் தண்ணீரில் இருந்து தலையை மூன்று முறை முக்கி எழச் சொன்னார்கள். மறு பகுதியினரைக் கரையிலேயே இருக்கச் சொன்னார்கள். ஒவ்வொருவரும் எந்த இடத்தில் எந்த நேரத்தில் குளித்தார்களோ அந்த இடத்து நீரை அப்போதே எடுத்துச் சோதித்தார்கள். நீரில் மலக்கிருமி கூடக்கூட வயிற்றுநோயும் கூடியது. 100 மில்லிலிட்டருக்கு முப்பது சொச்சத்திலேயே அது தென்படத் தொடங்கியது. 1994ல் வெளியான அந்த ஆய்வின் மீதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் 2003ஆம் ஆண்டு வழிகாட்டி நிற்கிறது. நூற்றில் தொண்ணூற்றைந்து மாதிரிகள் 40க்குள் அடங்கினால் ஒரு முறை குளிப்பவருக்கு வயிற்றுநோய் வரும் வாய்ப்பு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. 200 வரை போனால் ஒன்றிலிருந்து ஐந்து விழுக்காடு. 500 வரை ஐந்திலிருந்து பத்து. ஆக, 200 என்பது ஆபத்தே இல்லாத கோடு அல்ல. இருபது பேரில் ஒருவர் வரை நோய்ப்படலாம் என்று ஒரு சமூகம் ஒப்புக்கொண்ட கோடு. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அந்தச் சோதனையில் கலந்துகொண்டவர்கள் எல்லாரும் திடமான பெரியவர்கள். மணலைக் கிளறிய கையை அப்படியே வாயில் வைக்கும் மூன்று வயதுக் குழந்தை எவரும் அதில் இல்லை.

பாசிர் ரிஸை வரைபடத்தில் பார்த்தாலே அதன் சிக்கல் விளங்கும். செந்தோசாவும் ஈஸ்ட் கோஸ்டும் திறந்த சிங்கப்பூர் நீரிணையைப் பார்த்திருக்கின்றன. பாசிர் ரிஸ் பார்த்திருப்பதோ ஜோகூர் நீரிணையின் கிழக்குப் பகுதியை. எதிரே புலாவ் உபின். அதற்கப்பால் பாசிர் கூடாங்கின் தொழிற்சாலைகளும் துறைமுகமும். வடகிழக்கே ஜோகூர் ஆற்றின் முகத்துவாரம். 1924ல் திறக்கப்பட்ட ஜோகூர் கடற்பாலம் பெயருக்குத்தான் பாலம். உண்மையில் அது நீரிணையை நடுவே மறித்துப் போட்ட கல்லணை. அதனால் இந்தப் பக்கத்து நீர் கிழக்கு வாசல் வழியாக மட்டுமே ஏற்ற இறக்கத்தோடு வந்து போகிறது. உள்ளே விழுந்தது எளிதில் வெளியேறாது. பூங்காவின் ஊடாகத் தெம்பனிஸ் ஆறு கடலைச் சேர்கிறது, பக்கத்திலேயே சுங்கை அப்பி அப்பி. அடுக்குமாடிப் பேட்டைகளின் மழைநீர் இவற்றின் வழியாகத்தான் வருகிறது. சிங்கப்பூரில் மழைநீர் வடிகாலும் கழிவுநீர்க் குழாயும் தனித்தனி. கொள்கையளவில் ஒன்று மற்றொன்றில் கலக்காது. ஆனால் பழைய குழாயில் விரிசல் விட்டால் மண் வழியாகக் கசிந்து வடிகாலுக்கு வந்துவிடும். மழை பெய்யும்போது நாய், பறவை எச்சங்களும் தெருக் குப்பையும் அடித்துக்கொண்டு வரும். இந்த நீர் எவ்வளவு சீக்கிரம் தேங்கிப்போகும் என்பதற்கு 2015 நல்ல சாட்சி. நுண்பாசிப் பெருக்கத்தால் கிழக்கு ஜோகூர் நீரிணையின் மிதவைப் பண்ணைகளில் 500 முதல் 600 டன் மீன் செத்தது. முந்தைய ஆண்டு அதே பருவத்தில் சுமார் 160 டன். செத்த மீன்கள் பாசிர் ரிஸ் மணலில் வந்து ஒதுங்கின. அது என்ட்ரோகாக்கஸ் எண்ணிக்கையில் தெரியும் ஆபத்து அல்ல, வேறு வகை. ஆனாலும் இரண்டுக்கும் தாய் ஒன்றுதான்: ஓட்டம் குறைந்த, ஊட்டம் மிகுந்த நீர்.

இப்படிப்பட்ட நீர் ஒரே நிலையில் இருக்காது என்பதில்தான் ஆண்டுத் தரத்தின் குறை வெளிப்படுகிறது. நண்பகல் வெயில் பாக்டீரியாவைக் கொல்லும். அதனால் விடிகாலை மாதிரியும் பிற்பகல் மாதிரியும் ஒரே கடலிலிருந்து வந்தவை போலவே இருக்காது. ஏற்றத்தில் ஓர் எண், இறக்கத்தில் ஓர் எண். பெருமழைக்கு முன்னும் பின்னும் எண்ணிக்கை பல மடங்கு மாறும். கலிபோர்னியாவின் ஹன்டிங்டன் கடற்கரையில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நீரெடுத்துப் பார்த்தபோது, அந்தச் சிறு இடைவெளியிலேயே எண்கள் எகிறி இறங்கின. கிருமியை வளர்த்து எண்ண ஒரு நாள் ஆகிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். தெற்குக் கலிபோர்னியாவில் கரையோரம் வைக்கப்பட்ட ‘இறங்கலாம், இறங்கக் கூடாது’ அறிவிப்புகளில் 40 விழுக்காடு வரை தவறாக இருந்திருக்கலாம் என்று 2004ல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. பலகையில் இருந்தது நேற்றைய கடல். குளித்தவர்கள் இறங்கியது இன்றைய கடலில். அடிக்கடி சோதித்த இடத்திலேயே இந்த நிலை என்றால், ஆண்டுத் தரத்தை நம்பிக் கால் நனைப்பவரின் நிலையை என்னவென்று சொல்வது? ‘நன்று’ என்ற தரம் வாங்கிய கடற்கரையிலும் நூற்றில் ஐந்து மாதிரிகள் வரம்பைத் தாண்டியிருக்கலாம். அந்த ஐந்து நாளும் பெரும்பாலும் மழைக்கு மறுநாளாகத்தான் இருக்கும். அவை விடுமுறை நாளிலும் வரலாம்.

சிங்கப்பூருக்கு இது புதிய கணக்கு அல்ல. புகைமூட்டத்தில் இதே பாடத்தை நாம் ஏற்கெனவே படித்துவிட்டோம். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு ஒருகாலத்தில் நாளுக்கு ஒரு முறை வந்தது. 2013 ஜூன் 21ஆம் தேதி மூன்று மணிநேரக் குறியீடு 401ஐத் தொட்ட வாரத்தில், நாளுக்கு ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு பிள்ளையை வெளியே விடலாமா என்று யாராலும் முடிவெடுத்திருக்க முடியாது. இன்று நுண்துகள் அளவு மணிக்கு மணி வருகிறது, வட்டாரம் வட்டாரமாக வருகிறது. டெங்கித் தொற்றுக் குழுமங்கள் புளோக் எண்ணோடு வெளியாகின்றன. எச்சரிக்கைப் பதாகைகள் மின்தூக்கிக்குப் பக்கத்திலேயே தொங்குகின்றன. சுமத்ராவில் எரியும் காட்டை சிங்கப்பூரால் அணைக்க முடியாது. அதற்காக அளப்பதை விட்டுவிடவில்லை. மூலத்தைக் கட்டுப்படுத்த முடியாததால்தான் அளவீடு கூடுதலாகத் தேவைப்பட்டது. ‘ஜோகூர் நீரிணை பொது நீர், அக்கரையிலிருந்து வருவதற்கு நாம் என்ன செய்ய முடியும்’ என்ற பேச்சுக்கும் பதில் இதுவே. அக்கரையை நம்மால் திருத்த முடியாமல் போகலாம். இக்கரையில் நிற்பவரிடம் இன்று வேண்டாம் என்று சொல்ல முடியும். வாரியம் ஆண்டுத் தரத்தோடு குறுகிய கால நிலவரத்தையும் வெளியிடத் தொடங்கியிருப்பது சரியான திசையில் ஓர் அடி. வாரத்துக்கொரு தகவலை நாளுக்கொன்றாக்குவதே அடுத்த வேலை.

ஆய்வக முடிவு வர ஒரு நாள் ஆகும்போது அன்றன்று எப்படிச் சொல்வது? இது நியாயமான கேள்வி, இதற்கு இரண்டு பதில் உண்டு. ஒன்று, கிருமியை வளர்க்காமல் அதன் மரபணுவையே எண்ணும் விரைவுச் சோதனை. கோவிட் காலத்தில் பிசிஆர் என்ற சொல் வீட்டுக்கு வீடு பழகிவிட்டது, அதே நுட்பம்தான். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதை 2012லேயே கடல்நீருக்குப் பரிந்துரைத்தது. சிகாகோ நகரம் 2017 முதல் தன் ஏரிக்கரைகளில் காலையில் எடுத்த நீருக்கு அன்றைக்கே முடிவு சொல்லி வந்தது. மற்றொன்று, முன்கணிப்பு. மழையளவு, ஓதம், காற்று, வெயில், முந்தைய அளவீடுகள் ஆகியவற்றை வைத்து இன்றைய எண்ணிக்கையைக் கணிக்கலாம். ஹாங்காங் தன் கடற்கரைகளுக்கு நாள்தோறும் இப்படிக் கணிப்பு வெளியிடுகிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ‘சேஃப்ஸ்விம்’ 2017லிருந்து இதைச் செய்கிறது. கணிப்பு பொய்க்கும்தான், வானிலை அறிக்கையும் பொய்க்கிறது, அதற்காக யாரும் குடையைத் தூக்கி எறிந்துவிடவில்லை. கேட்க வேண்டியது, கணிப்பு பிழையற்றதா என்பதல்ல. ஒரு வாரம் பழைய எண்ணைவிட அது உண்மைக்கு நெருக்கமாக இருக்கிறதா என்பதே. மழைப்பொழிவை இடம் இடமாக நிமிடக் கணக்கில் வரைந்து காட்டும் நாட்டில், கணிப்புக்கு வேண்டிய பாதித் தகவல் ஏற்கெனவே கையில் இருக்கிறது.

அன்றன்று அளந்து அன்றன்று முடிவெடுப்பது இங்கே நடக்காத காரியம் என்றும் சொல்ல முடியாது. 2025 ஜூலையில் உலக நீர்விளையாட்டுப் போட்டிகள் சிங்கப்பூரில் நடந்தன. செந்தோசாவின் பலவான் கடற்கரையில் 15ஆம் தேதி நடக்கவிருந்த பெண்கள் 10 கிலோமீட்டர் நீச்சல், நீரில் ஈ.கோலி வரம்பைத் தாண்டியதால் ஒத்திவைக்கப்பட்டு மறுநாள் நடந்தது. உலகமே பார்த்துக்கொண்டிருந்த போட்டி அது. அட்டவணையைவிட ஆய்வகத் தாளுக்கு மதிப்பு கொடுத்தார்கள். மெச்ச வேண்டிய முடிவு அது. உலகத்தரம் வாய்ந்த உடல்வலுவும் மருத்துவக் குழுவும் உள்ள வீராங்கனைகளுக்கு அந்தக் காப்பு கிடைத்தது என்றால், பாசிர் ரிஸில் மக்கள் கழகத்தின் நீர்விளையாட்டு நிலையத்திலிருந்து கயாக் தள்ளிக்கொண்டு போகும் மாணவருக்குக் கிடைக்காமல் போக என்ன காரணம்? தரவரிசையில் மேலே இருக்கும் செந்தோசாவிலேயே ஒரு நாள் இப்படி ஆகும் என்றால், நீரோட்டம் குறைந்த வடகிழக்குக் கரையில் எத்தனை நாள் ஆகக்கூடும்?

அறிவியலாளர்கள் எழுப்பும் மறுப்பு ஒன்று இருக்கிறது, அதைச் சுலபமாகத் தள்ள முடியாது. 200, 40 என்ற எண்களெல்லாம் குளிர்நாட்டுக் கடல்களிலிருந்து வந்தவை. வெப்பமண்டல மண்ணிலும் மணலிலும் என்ட்ரோகாக்கஸ் தானாகவே தங்கிப் பெருகும் என்று ஹவாயில் பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டார்கள். அங்கே மழைக்குப் பிறகு ஓடைகளில் எண்ணிக்கை ஏறுவதற்குக் கழிவுநீர்தான் காரணம் என்று சொல்ல முடியவில்லை. அதனால் கிளாஸ்டிரிடியம் என்ற இன்னொரு கிருமியையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்கினார்கள். பாசிர் ரிஸில் பூங்காவுக்குள்ளேயே ஆறு ஹெக்டர் சதுப்புநிலக் காடு இருக்கிறது. கொக்கும் உடும்பும் வாழும் இடம். அங்கிருந்து வரும் பாக்டீரியாவுக்காக மனிதரைத் துரத்துவதா என்று கேட்டால் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் அதிலிருந்து வரும் முடிவு அளப்பதைக் குறைக்க வேண்டும் என்பதல்ல. அந்த எண் மனிதனிடமிருந்து வந்ததா, விலங்கிடமிருந்தா என்று மரபணுத் தடம் பார்த்துப் பிரித்தறிய வேண்டும் என்பதே. மனிதக் கழிவு என்று தெரிந்தால் உடனே குழாயைத் தேடலாம். பறவை எச்சம் என்றால் பதற்றப்பட வேண்டியதில்லை. இந்தச் சோதனை எல்லாவற்றையும் காட்டிவிடும் என்று நினைப்பதும் தவறு. வெதுவெதுப்பான கடல்நீரில் இயல்பாகவே வாழும் விப்ரியோ பாக்டீரியா காயம் வழியாக உடலுக்குள் போனால் தோலையும் சதையையும் அரிக்கும். அதற்கும் மலக்கழிவுக்கும் தொடர்பில்லை, என்ட்ரோகாக்கஸ் எண்ணிக்கை அதைக் காட்டாது. திறந்த காயத்தோடு கடலில் இறங்க வேண்டாம் என்ற அறிவுரை தனியாகத்தான் சொல்லப்பட வேண்டும். நீரிழிவோ கல்லீரல் நோயோ உள்ள மூத்தோருக்கு அது இன்னும் முக்கியம்.

பாசிர் ரிஸில் நீந்துபவர்கள் எத்தனை பேர், அவர்களுக்காக இத்தனை செலவா என்ற கேள்வியும் எழும். நீந்துபவர்களை மட்டும் எண்ணினால் அது சரியாகவே தோன்றும். ஆனால் ஓதம் இறங்கியதும் சேற்றில் நடந்து நண்டையும் நட்சத்திர மீனையும் தேடும் பிள்ளைகள், மணலில் குழி தோண்டி நீர் ஊற்றும் குழந்தைகள், இடுப்பளவு நீரில் நின்று தூண்டில் போடுபவர்கள், கயாக் கவிழ்ந்து வாய் நிறைய நீர் குடித்தவர்கள் எல்லாரும் இதே நீரைத்தான் தொடுகிறார்கள். கழிவு கலந்த கடலில் குளிப்பதால் உலகில் ஆண்டுக்கு 12 கோடி வயிற்றுநோய்களும் 5 கோடி மூச்சுநோய்களும் வருவதாக 2003ல் ஒரு மதிப்பீடு வந்தது. அவற்றில் பெரும்பாலானவை இரண்டு நாள் பேதியோடு முடிந்து, எந்த மருத்துவமனைக் கணக்கிலும் ஏறாதவை. இந்த நோய் கண்ணில் படாமல் போவதற்கும் அதுவே காரணம். காலையில் கடலில் ஆடிய குழந்தைக்கு மறுநாள் வயிற்றுப்போக்கு வந்தால், வீட்டில் முதலில் சந்தேகப்படுவது மதியம் சாப்பிட்ட சோற்றை. யாருக்கும் கடல் ஞாபகத்துக்கு வராது.

குழாயைச் சரிசெய்யுங்கள், அளந்துகொண்டிருப்பதில் என்ன பயன் என்று சொல்பவர்களுக்கும் பதில் உண்டு. குழாய்கள் சரியாகிக்கொண்டுதான் இருக்கின்றன. 1996 முதல் பொதுப் பயனீட்டுக் கழகம் பழைய கழிவுநீர்க் குழாய்களைப் புதுப்பித்து வருகிறது. ஆழ்சுரங்கக் கழிவுநீர்த் திட்டத்தின் முதற்கட்டத்தில் 48 கிலோமீட்டர் சுரங்கம் தோண்டப்பட்டு, கழிவுநீர் சாங்கி நிலையத்துக்கு ஒரே சீராக ஓடுகிறது. ஆனால் பாசிர் ரிஸின் கசிவுகள் பொதுமக்களின் கவனத்துக்கு வந்ததே 2008ஆம் ஆண்டு எண்களால்தான். எங்கே தோண்டுவது என்று குழாய்க்காரருக்குச் சொல்வது அளவீடு. அடிக்கடி அளந்தால் கசிவு எப்போது தொடங்கியது என்பதும் தெரியும், பழுது பார்த்த பிறகு எண் இறங்கியதா என்பதும் தெரியும்.

கடைசியாக, அளந்ததை யாரிடம் எப்படிச் சொல்வது என்ற விஷயம். இணையத்தளத்தில் ஒரு பக்கமும் செயலியில் ஒரு மூலையும் தேடிப் பார்ப்பவருக்குப் போதும். கடற்கரைக்கு வருபவர்களில் தேடிப் பார்ப்பவர் குறைவு. நீத்தார் கடன் செய்யக் கரையில் இறங்கி முங்கி எழும் தமிழ்க் குடும்பம் அன்றைய துயரத்தில் செயலியைத் திறக்கப் போவதில்லை. ஞாயிறு விடுப்பில் தேக்காவில் நண்பர்களைப் பார்த்துவிட்டு எம்ஆர்டி ஏறிப் பாசிர் ரிஸ் வரும் கட்டுமான ஊழியருக்கு ஆங்கில அறிவிப்பில் ‘என்ட்ரோகாக்கஸ்’ என்று போட்டிருந்தால் ஒன்றும் விளங்கப்போவதில்லை. ஆற்று முகத்துவாரத்திலும் நீர்விளையாட்டு நிலைய வாசலிலும் நான்கு மொழிகளிலும் ஒரு பலகை வைத்து, எண்ணைப் போடாமல், ‘இன்று இறங்கலாம்’, ‘இன்று குழந்தைகளும் நோயாளிகளும் தவிர்க்கவும்’, ‘இன்று யாரும் வேண்டாம்’ என்ற மூன்று வாசகங்களில் ஒன்றைக் காலை எட்டு மணிக்குள் மாற்றிவைத்தால் போதும். பெருமழை பெய்த நாளில் ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் அந்தப் பலகை தானாகவே மூன்றாவது வாசகத்துக்குப் போய், அடுத்த சோதனை கீழிறக்கும் வரை அங்கேயே நிற்க வேண்டும்.